ஆறாம் எண் சட்டை

நவம்பர் 3, திங்கள்

எட்வின் சார் இன்று எனக்கு ஒரு தடித்த நோட்டு வாங்கித் தந்தார். கெட்டி அட்டை, முந்நூறு பக்கம், நடுவில் சிவப்பு நாடாகூடத் தொங்குகிறது. "ரெமி, கிளப்புண்ணா அதுக்கு ஒரு வரலாறு வேணும். அண்ணண்ணைக்கு நடக்கியத எழுதி வை. பின்னால புத்தகமாப் போடலாம்" என்றார். மார்த்தாண்டத்தில் ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர். ஐஸ் விற்கிறவருக்கு வரலாற்றின் மேல் இவ்வளவு ஆசை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஆகவே எழுதுகிறேன். கிளப்பின் பெயர் குமரிக்கரை எஃப்.சி. வயது ஏழு மாதம். இந்தக் கரையில் ஒன்பது துறைகள், எல்லாம் மீனவர் ஊர்கள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு மாதா கோயில், ஒரு கொடி, ஒரு பந்து டீம். ஒன்பதும் தங்களுக்குள் அடித்துக்கொண்ட அளவுக்கு வெளியாளோடு ஆடியதே இல்லை. எல்லாத் துறையிலிருந்தும் ஆள் பொறுக்கி ஒரே அணியாக்கி, மாநில இரண்டாம் நிலை லீகில் இறக்குகிறார் சார். முதல் ஆட்டம் டிசம்பர் 7.

நான் ரெமிஜியுஸ், மேலத்துறைக்காரன், வயது நாற்பத்திரண்டு. பதினோரு வருடம் மஸ்கட்டில் ஸ்டோர் கீப்பர். இங்கே அணி மேலாளர். பேப்பர், சட்டை, பந்து, வண்டி, ஆட்டத்தன்று மைக், எல்லாம் என் தலையில்.

நவம்பர் 5, புதன்

பந்து பன்னிரண்டில் மூன்று காற்றுப் போகிறது. வால்வு மாற்றக் கொடுத்தேன்.

வரலாறு என்பதால் சட்டை நிறத்தைப் பற்றியும் எழுதி வைக்கிறேன். மஞ்சள் மேலத்துறைக் கொடி, ஆகவே கீழத்துறைக்காரன் உடுத்த மாட்டான். சிவப்பு கீழத்துறை, ஆகவே மேலத்துறை உடுத்தாது. பச்சை, நீலம், வெள்ளை, எல்லாவற்றுக்கும் யாராவது ஒரு புனிதர் உரிமையாளர். மூன்று கூட்டம் போட்டு, நாலாவது கூட்டத்தில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரே நிறம் சாம்பல் என்று கண்டுபிடித்தோம். இப்போது எங்களைச் 'சாம்பல்காரன்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

நவம்பர் 8, சனி

கீழத்துறையில் இன்று நான்கு பெட்டி அடக்கம். கிளப் சார்பில் மாலை கொண்டுபோனேன்.

கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் கரையில் செய்வது இது. வெறும் பெட்டியில் அவர்களுடைய நல்ல உடுப்பு ஒன்றை மடித்து வைத்து, பூசை முடித்து, கல்லறையில் இறக்குவார்கள். இவர்கள் போன விசைப்படகு ஆகஸ்ட் 20 அன்று புறப்பட்டது. நாற்பது நாள் தங்கிப் பிடிக்கிற தொழில். செப்டம்பர் 11க்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஐஸ் பெட்டியின் மூடி ஒன்று மட்டும் கிடைத்தது.

ஐந்து பேர் போன படகு. பெட்டி நான்குதான். ஐந்தாவது ஆள் கிளீட்டஸ். அவன் மனைவி ஷைஜி சம்மதிக்கவில்லை. "வைக்க உடுப்பில்ல. நல்லதெல்லாம் பையில கொண்டு போயாச்சு" என்று பங்குச் சாமியிடம் சொல்லிவிட்டாளாம்.

கிளீட்டஸ் எங்கள் தேர்வு முகாமுக்கு வந்திருந்தான். அணியில் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

சட்டை விநியோகம் முடிந்தது. திருப்பூரிலிருந்து ஆகஸ்டில் வந்தது இருபத்திரண்டு. கொடுத்தது இருபத்தொன்று.

அலமாரியின் அடித்தட்டைக் காலி செய்யச் சொல்லி ஸ்டெல்லா ஒரு வாரமாக நச்சரிக்கிறாள். அங்கே கிளப் சாமான் இருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பதினெட்டு வருடம் என்னோடு குடித்தனம் செய்கிறவள். ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 20, வியாழன்

பயிற்சி ஆட்டம். 3-0 என்று தோற்றோம். கோச் குணாளன் வியாசர்பாடிக்காரர். சென்னையில் பெரிய கிளப்புகளுக்கு ஆடியவர். கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றிப் புல்லில் அடிப்பார். இன்று தொப்பி படாத பாடு பட்டது.

"நடுவுல நிக்க ஆளு இல்ல சார். பின்னாடி எட்டுப் பேரு, முன்னாடி மூணு பேரு, நடுவுல இன்னா இருக்குது? மைதானம் இருக்குது."

பிறகு வண்டியில் வரும்போது அவராகவே ஆரம்பித்தார். "அந்த கிளீட்டஸு இருந்திருந்தா எனக்கு இந்தத் தலைவலி வந்திருக்காது. கேம்ப்புல மொத நாளே முடிவு பண்ட்டேன், நடுவுல நிக்கறதுக்கு இவன்தான் நம்ம ஆறாம் நம்பருன்னு. கடலுக்குப் போறதுன்னா என்னாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? உங்களாண்ட சொல்லி அனுப்புறான். இன்னா மனுஷன்... சரி, போய்ச் சேந்துட்டான். பேசக் கூடாது."

வண்டியில் டீசல் குறைவாக இருக்கிறது என்று பேச்சை மாற்றினேன். முக்கால் டேங்க் இருந்தது.

நவம்பர் 29, சனி

மைக் செட், கொடிக்கம்பம், ஆம்புலன்ஸ், குடிநீர் கேன் நாற்பது. எல்லாம் சொல்லியாச்சு. தூக்கம் சரியில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

முதல் ஆட்டம். விரிவாக எழுத வேண்டும், வரலாறு.

சுமார் எழுநூறு பேர் வந்தார்கள். துறை துறையாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள், கலியாண வீட்டில் பெண் வீட்டார் ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம் என்று இருப்பார்களே அப்படி. நான் மைக்கில் பெயர் வாசிக்க வாசிக்க, அந்தந்தத் துறை மட்டும் தன் ஆளுக்குக் கை தட்டியது. மற்ற எட்டும் வானத்தைப் பார்த்தன. கோல் கீப்பர் ஒரு நல்ல பந்தைப் பாய்ந்து பிடித்தான். அவன் ஊர்க்காரர்கள் நாற்பது பேர் மட்டும் கூச்சல் போட்டார்கள். இதுதான் எட்வின் சார் ஒன்றாக்க நினைத்த கரை.

ஆறாவது நிமிடத்தில் அது நடந்தது. கீழத்துறைப் பக்கம் இருந்த அத்தனை பேரும் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். ஒரு போர்வையை விரித்துப் பிடித்தார்கள். சிவப்புப் பெயிண்டில் 6 என்று மட்டும் எழுதியிருந்தது, கீழத்துறை டீமில் கிளீட்டஸ் உடுத்திய எண். அவர்கள் கோபத்தில் செய்தது அது. எங்கள் ஆளை வேண்டாம் என்று தள்ளினீர்கள், அதனால்தான் அவன் கடலுக்குப் போனான் என்று எங்களுக்குச் சொல்லிக் காட்ட. கீழத்துறையில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். எனக்குத் தெரியும்.

ஆனால் மற்ற துறைக்காரர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கடலில் ஆள் போகாத வீடு இங்கே எது? செத்தவனுக்காக எழும்பி நிற்கிறார்கள் என்று நினைத்து, முதலில் பக்கத்துத் துறை எழுந்தது. பிறகு அடுத்தது. கடைசியில் எங்கள் மேலத்துறையும் எழுந்து கை தட்டியது. கீழத்துறைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கள் ஆளுக்காக மேலத்துறை எழும்பி நிற்கிறது என்றதும் என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தார்கள். வயதான ஒருவர் அழுதார். பிறகு அவர்களும் மைதானத்தைப் பார்த்து நின்று கை தட்டினார்கள்.

1-1. எங்கள் கோலை அடித்தவன் ஊர் எது என்று கேட்காமல் ஆளுக்கு ஆள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அறிவிக்க வேண்டிய மாற்று ஆட்டக்காரர் பெயரை இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இரண்டாயிரம் பேர். ஆறாவது நிமிடம் முழுவதும் கை தட்டல், அறுபது விநாடி. எதிர் அணிக்காரர்கள் பயந்து போனார்கள். சாம்பல் நிறத் துண்டு விற்க ஆள் வந்துவிட்டது. இனி யாரும் எங்களைக் கேலி செய்வதில்லை.

2-1, வெற்றி.

டிசம்பர் 16, செவ்வாய்

எட்வின் சார் கூட்டம் போட்டார். முகம் பளபளவென்று இருந்தது.

"ரெமி, நாம மூணு கூட்டம் போட்டு நெறம் தேடினோம். அடையாளம் தானா வந்து விழுந்துட்டு பாத்தியா? ஆறாம் நம்பர் இனி யாருக்கும் கிடையாது. குடும்பத்துக்காவ கடலுக்குப் போன ஒரு ஆட்டக்காரன். அவனுக்க சட்டைய பிரேம் போட்டு கிரவுண்டு வாசல்ல மாட்டுவோம். ஜனவரி பதினெட்டு. அந்தப் பெண்ணு கையால குடுக்கணும், கோச் கையால வாங்கணும். ரெண்டு பேரும் நடுவுல வந்து நிக்கணும், ஒன்பது துறையும் பாக்கணும்."

கோச்சும் ஷைஜியும் ஒரே இடத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசினால் போதும், என் குட்டு உடைந்துவிடும்.

சம்மதம் வாங்கி வருகிற வேலை எனக்கு. அவன் அளவில் ஒரு சட்டை அடித்து வாங்குகிற வேலையும் எனக்கு. தலையாட்டி வைத்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

ஷைஜி வீட்டுக்குப் போனேன். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். பெண் பிள்ளை எல்.கே.ஜி. போயிருந்தது. வாசலோடு நிற்க வைத்தே பேசினாள்.

"எதுக்கு அண்ணே? வேண்டாம்னு தள்ளின கிளப்புக்கு அவிய நம்பர் எதுக்கு?"

"தள்ளினதுன்னு இல்ல மக்களே, அது வந்து..."

"நீங்கதானே வந்து சொன்னிய? நான் அடுக்களையில நின்னு கேட்டேனே. 'கிளீட்டஸ், கோச் வேற ஆள எடுத்துட்டாரு, அடுத்த வருசம் பாப்போம்.' அண்ணைக்கு மதியம் அவிய சோறு தின்னல."

நான் ஒரு படி கீழே இறங்கினேன்.

"உயிரோட இருக்கச்சில ஆவாதவன் செத்தா மட்டும் ஆவுமா? செத்தாவன்னு யாரு சொன்னது? போங்க அண்ணே."

சாரிடம், அந்தப் பெண் கூச்சப்படுகிறாள், கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்போம் என்று சொன்னேன். நன்றாகவே பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 25, வியாழன்

ஸ்டெல்லா கேக் செய்தாள். நடுவில் வேகவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜனவரி 1, வியாழன்

ஆட்டக்காரர் பதிவு இன்று மறுபடியும் திறந்தது. புதிதாக இரண்டு பேரைச் சேர்த்தேன். ஒரு பெயரைச் சேர்க்க ஆறு நிமிடம் ஆகிறது.

ஜனவரி 5, திங்கள்

இந்த நோட்டை யாரும் புத்தகமாகப் போடப் போவதில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

கோச் எழுதித் தந்த பட்டியலில் முதல் பெயர் கிளீட்டஸ். எல்லாருக்கும் பிறப்புச் சான்றை லீக்கின் பதிவுத் தளத்தில் ஏற்றினேன். அவனிடம் அது இல்லை, ஞானஸ்நானச் சான்றுதான் இருந்தது. எங்கள் கரையில் அது ஒன்று போதும், கலியாணம் முதல் கல்லறை வரை எல்லாம் நடக்கும். சென்னை லீக் ஆபீசிலும் நடக்கும் என்று நினைத்து அதையே ஏற்றினேன். ஆகஸ்ட் 11 அன்று திருப்பி அனுப்பினார்கள், பிறப்புச் சான்று வேண்டும் என்று. பஞ்சாயத்தில் போய் நின்றால் ஒரே நாளில் கிடைக்கும்.

அப்போது மேலத்துறையில் மாதா திருவிழா. நான் கமிட்டியில் இருந்தேன். லைட், மைக், தேருக்குப் பூ. மெயிலை 13ஆம் தேதிதான் பார்த்தேன். கடைசி நாள் 14, நடுச்சாமம் வரை நேரம் இருக்கும் என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். காலையில் பஞ்சாயத்துக்குப் போகவேண்டியவன் பூ வண்டி வரவில்லை என்று தோவாளைப் பூச்சந்தைக்குப் போனேன். மாலை தேர் திரும்பியதும் போனைத் திறந்தால் பதிவு ஐந்து மணிக்கே மூடியாயிற்று.

மேலத்துறைக்காரன் திருவிழா கொண்டாடிக்கொண்டு கீழத்துறைக்காரனை வெட்டிவிட்டான் என்பார்கள். வேண்டுமென்றே செய்தான் என்பார்கள். நாலு மாதக் கிளப் நாலே நாளில் உடைந்துபோகும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கோச் தொப்பியை எப்படி அடிப்பார் என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

கிளீட்டஸிடம் கோச் உன்னை எடுக்கவில்லை என்றேன். கோச்சிடம் கிளீட்டஸ் வரமாட்டான், கடலில்தான் வருமானம் என்று சொல்லிவிட்டான் என்றேன். ஜனவரியில் பதிவு திறக்கும், அப்போது சேர்த்துக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஆறு நாளில் அவன் படகு ஏறிவிட்டான்.

பெயர் அடித்து முன்கூட்டியே வந்த அவன் சட்டை என் அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது.

ஜனவரி 8, வியாழன்

பயிற்சி முடிந்து கோச் சொன்னார், "எட்வின் சாரு சொன்னாரு, அந்தப் பொண்ணு ஒத்துக்கலையாமே. நாளைக்குச் சாயங்காலம் நானே போய்ப் பாக்கறேன் சார். அந்தப் புள்ள மூஞ்சப் பாத்து, உன் புருசன் மேல எனக்குக் கோவம்லாம் ஒண்ணும் இல்லம்மான்னு ஒரு வார்த்த சொன்னா ஒத்துக்கும்."

சரி என்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

காலையில் கீழத்துறைக்குப் போனேன். மனசாட்சி உறுத்தித்தான் போனேன் என்று எழுதினால் அதுவும் பொய். கோச் முந்திவிடுவார் என்பதால் போனேன்.

ஷைஜி மாடியில் நெத்திலி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காக்கை விரட்ட ஒரு கம்பு பக்கத்தில் கிடந்தது. மேலே வரச் சொன்னாள். உட்காரச் சொல்லவில்லை.

"கிளீட்டஸ கோச் தள்ளல மக்களே. லிஸ்டுல மொதப் பேரு அவனுக்கதாக்கும். தப்பு எனக்க தப்பு." தேர், பூ வண்டி, ஐந்து மணி, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல நாலு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த நாலு நிமிடத்தை ஐந்து மாதம் தூக்கிச் சுமந்திருக்கிறேன்.

அவள் நெத்திலியைக் கையால் புரட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசைக்குப் போனாள்.

"அப்ப அவிய ஜெயிச்சாவளா?"

"ஆமா மக்களே."

"கோச்சு வாயால சொன்னாரா?"

"நடுவுல நிக்க இவன விட்டா ஆள் இல்லன்னு சொன்னாரு. இப்பவும் சொல்லுறாரு."

அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"போற அண்ணைக்கு நான் என்ன சொன்னேன்னு தெரியுமா அண்ணே? 'இருவத்தேழு வயசுல பந்து தட்டிட்டு நடந்தா எவன் எடுப்பான்? பேசாம தொழிலுக்குப் போங்க'ன்னு சொன்னேன். அவிய திருப்பி ஒண்ணும் சொல்லல. பையத் தூக்கிட்டு எறங்கிட்டாவ. எப்பவும் வாசல்ல நின்னு பாப்பேன், அண்ணைக்கு நிக்கல. வந்த பொறவு சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். வருவாவன்னு இருக்கேன். அதுக்காவத்தான் பெட்டி வேண்டாம்னேன்." காக்கை ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் கம்பை எடுக்கவில்லை. "எனக்க வாயில அந்த வார்த்தைய நீங்கதான் வச்சிய."

எனக்கு அழுகை வந்தது. அங்கே அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். இந்த ஐந்து மாதமும், சொன்னால் அவள் உடைந்துபோவாள், அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்றுகூட நினைத்திருக்கிறேன்.

"சட்ட அடிச்சிருந்தாவளா?"

"அடிச்சிருந்து. எனக்க வீட்டுல இருக்கு. முதுகுல ஆறு, மேல அவன் பேரு."

அவள் கம்பை எடுத்துக் காக்கையை விரட்டிவிட்டுச் சொன்னாள். "வைக்க உடுப்பில்லன்னு சாமிகிட்ட சொன்னேன். இனி இருக்குல்லா. செவ்வாக்கெழம பெட்டி அடக்கம் வச்சுக்கிடலாம். நீங்க கொண்டு வாங்க. கொண்டு வந்து, எனக்கிட்ட சொன்னத அங்க நின்னு சொல்லுங்க. எனக்க தெரு கேக்கணும்."



ஜனவரி 10, சனி

எட்வின் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"நான் ஒண்ணும் கேக்கல ரெமி. நீ ஒண்ணும் சொல்லவும் இல்ல. பதினெட்டாம் தேதிக்கு நாலாயிரம் பேரு வாறான். ஒன்பது துறையும் ஒண்ணா எழும்பினத உனக்க ஆயுசுல பாத்திருக்கியா? நீ மேலத்துறை. கீழத்துறைக் கோயில் முற்றத்துல போய் நின்னு இதச் சொன்னா பத்திக்கிடும். அந்தப் பெண்ணுக்குச் சட்ட வேணும்னா குடுத்தனுப்பு. செவ்வாக்கெழம உனக்குக் காய்ச்சல், கேட்டியா?"

அவர் கெட்டவர் இல்லை. ஐஸ் விற்ற காசையெல்லாம் இந்தக் கிளப்பில் கொட்டியவர். அவர் சொன்னது எதுவும் தப்பும் இல்லை.

நேற்று கீழத்துறைக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்த கோச்சிடமும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். அடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரி 12, திங்கள்

காய்ச்சல் வரவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

ஸ்டெல்லாவிடம் நேற்றுத்தான் எல்லாம் சொன்னேன். அடித்தட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு முன்பே தெரியுமாம். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்க சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். காலையில் சட்டையை அவளே இஸ்திரி போட்டுத் தந்தாள். கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். வந்தாள்.

கோயில் முற்றத்தில் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே வெள்ளைத் துணி மட்டும். கீழத்துறை முழுவதும் நின்றது. கோச் ஒரு ஓரமாக நின்றார். எட்வின் சார் வரவில்லை.

மைக் பிடிப்பது என் தொழில். ஆனால் அங்கே மைக் இல்லை. வெறும் தொண்டையில் சொன்னேன். கிளீட்டஸ் தோற்கவில்லை, முதல் ஆளாகத் தேர்வானவன், பேப்பரை விட்டது நான், இரண்டு பக்கமும் பொய் சொன்னது நான். பின்னால் நின்ற யாருக்கோ கேட்கவில்லை போல, "என்னவாம்?" என்று கேட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவை சொன்னதுதான் கஷ்டம்.

ஊர்க் கமிட்டித் தலைவர் சிலுவைதாசன் வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். "தேரு இழுக்கப் போனியோலே? நீ தேரு இழுக்கப் போன நேரத்துக்கு எங்க பயல அனுப்பி வச்சிட்டியேலே!" கன்னத்தில் ஒன்று விழுந்தது. அவர் அடித்தாரா பக்கத்தில் நின்றவரா என்று தெரியவில்லை. நல்ல அடி.

"விடுங்க மாமா" என்றாள் ஷைஜி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "அவரு கையால வைக்கட்டு."

நான் சட்டையை விரித்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு கசங்கலும் இல்லை, யாரும் உடுத்தாதது. ஷைஜி, கிளீட்டஸின் பெயர் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள், "அப்பாக்க பேரு வாசி." அது எழுத்துக்கூட்டி வாசித்தது. கோச் அப்போதுதான் உடைந்து அழுதார். "துரோகின்னு திட்டிக்கினு இருந்தேன்டா உன்ன" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

மடித்து, ஆறு மேலே தெரிகிற மாதிரி வைத்தேன். மூடினார்கள்.

கல்லறைக்கு நான் போகவில்லை. வர வேண்டாம் என்றார்கள்.

ஜனவரி 14, புதன்

எட்வின் சார் போனில், இனி வர வேண்டாம் என்றார். சாவி, சீல், பதிவுக் கோப்பு எல்லாவற்றையும் ஆள் வந்து வாங்கிப் போயிற்று. நோட்டையும் கேட்டார். முடித்துத் தருகிறேன் என்றேன். ஒரு பக்கத்தையும் கிழிக்கப் போவதில்லை.

ஜனவரி 16, வெள்ளி

அணியிலிருந்த கீழத்துறைக்காரர்கள் மூன்று பேர் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பதிலுக்கு மேலத்துறை இளைஞர்கள் இரண்டு பேர் எங்கள் ஊரைப் பழிக்கிறார்கள் என்று விலகினார்கள். சாம்பல் துண்டு விற்கிறவர் பாதி விலை போட்டிருக்கிறாராம்.

ஜனவரி 18, ஞாயிறு

பிரேம் மாட்டும் விழா இல்லை. ஆட்டம் மட்டும் நடந்தது.

நான் போகவில்லை. போகிற நிலையில் இல்லை. ஸ்டெல்லா டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு ஆறரை மணிக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கேட்டேன்.

"எத்தன பேரு?"

"முந்நூறு இருக்கும்."

"ஆறாவது நிமிசம்?"

"ஒருத்தரும் எழும்பல. ஒவ்வொருத்தரும் அடுத்த துறையப் பாத்துட்டே இருந்தாவ."

"கீழத்துறை?"

"பெஞ்சு காலி. ஷைஜி மட்டும் வந்திருந்தா, பிள்ளையும். டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கா. நான் பக்கத்துல போய் உக்காந்தேன். வேண்டாம்னு சொல்லல."

ஷைஜி கை தட்டவில்லையாம். அழவும் இல்லையாம். தொண்ணூறு நிமிடமும் கண்ணெடுக்காமல் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். 4-0 என்று தோற்றோம்.

"ஏதாவது சொன்னாளா?"

ஸ்டெல்லா செருப்பைக் கழற்றினாள். "போகச்சில சொன்னா. 'நடுவுல ஆளில்ல அக்கா. அவிய நிக்க வேண்டிய எடம் அப்படியே காலியாக் கெடக்கு'ன்னு."

அவள் சொன்னது சரி. கோச் ஆகஸ்டிலேயே அந்த இடத்துக்கு அவன் பெயரைத்தான் எழுதித் தந்தார்.